என் பெயர் பிறந்த தோட்டம்

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஜொகூர் பாருவின் லார்க்கின் நிலையத்திலிருந்து ஈப்போ பேருந்து புறப்பட்டது. தூரம் ஏறக்குறைய ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். கட்டணம் ஆளுக்கு அறுபத்தைந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். எங்கே போனாலும் சன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுக்கும் அம்மா, அன்றைக்கு விடவில்லை. "நான் பாத்துக்கிட்டு வாரேன்," என்று உள்ளே நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அம்மாவின் பெயர் சரசு. அறுபத்து மூன்று வயது. எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு கடையில் துணி தைக்கிறார். ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, அங்கேயே கல்யாணமாகி, என்னையும் அங்கேயே பெற்றவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவுக்கு ஜொகூரில் கப்பல் பட்டறை வேலை கிடைத்தது. அன்று தெற்கே வந்த அம்மா, அதன் பிறகு ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பிப் போகவில்லை. கேட்டால், "அங்க யாரு இருக்கா நமக்கு?" என்பார்.

இப்போது போவதற்குக் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை.

எனக்கு முப்பத்தொரு வயது. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில் தாதியாக இருக்கிறேன். என் பெயர் அகலா. அகிலா இல்லை, அகலா. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியை என் நோட்டு அட்டையிலேயே 'க'வைச் சிவப்பு மையில் 'கி' ஆக்கித் திருத்தினார். நிலையத்துக்கு வரும் சீனப் பெரியவர் ஒருவர், "உன் பேர்லயே லா இருக்கு, நீதான் அசல் மலேசியக்காரி," என்று வாரந்தவறாமல் சிரிப்பார். இங்கே எந்தப் பேச்சின் வாலிலும் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். ஆறாம் வகுப்பில் அகராதியைப் புரட்டி, அகலுதல் என்றால் விட்டு நீங்குதல், அகலா என்றால் விட்டு நீங்காத என்று கண்டுபிடித்தேன். அப்பா இறந்துபோன வருடம் அது. விட்டுப் போகாதவள் என்று மகளுக்குப் பெயர் வைத்துவிட்டு அவர் மட்டும் எப்படிப் போகலாம் என்று பெயரின் மேலேயே கோபம் வந்தது. பெயர் வைத்தது அப்பாதான் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

போன மாதம் என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. மணமகள் பெயர் அகிலா. அச்சகத்தில் தவறென்று நினைத்துத் திருத்தியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்லவர். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "அகிலான்னே இருக்கட்டுமேம்மா. ஒலகம்னு அர்த்தம், மங்களமா இருக்கு. அகலாவுல 'இல்ல'ன்னு ஒரு அர்த்தம் வருதே. அகலான்னு எதுக்கு வெச்சாங்க?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அவர் தையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

"அத இங்க உக்காந்து சொல்ல முடியாது. ஈப்போவுக்குப் போலாம், வா."

நெடுஞ்சாலையில் சிரம்பான், கோலாலம்பூர், தஞ்சோங் மாலிம் என்று ஊர்ப் பலகைகள் கடந்தன. இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஓய்விடத்தில் இறங்கித் தே தாரிக் எனும் ஆற்றிய தேநீர் குடிக்கும்போது, எங்களுக்குப் பின்னிருக்கையில் வந்த மலாய் அம்மா ஒருவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். "அக்கால்!" என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். மலாய் மொழியில் அக்கால் என்றால் புத்தி. "நல்ல பெயர், புத்திசாலிப் பெண்," என்று மலாயில் சொல்லி என் கன்னத்தையும் தட்டினார். அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார். அந்தப் பயணத்தில் அவருடைய முதல் சிரிப்பு அது.

கோப்பெங் தாண்டியதும் சுண்ணாம்பு மலைகள் தொடங்கின. பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: இவை மலைத்தொடர் இல்லை. சமவெளியில் தனித்தனியாக, செங்குத்தாக எழுந்து நிற்கும் வெள்ளைப் பாறைகள். தலையில் காடு, இடுப்பில் குகை, குகைக்குள் கோவில். ஈப்போ நகரம் இவற்றின் நடுவில் இருக்கிறது. அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு பாறையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வெள்ளி மாலை. பேருந்து நகருக்கு வடக்கே அமான்ஜெயா நிலையத்தில் எங்களை இறக்கிவிட்டது. வாடகைக் கார் ஓட்டி வந்தவர் ஈப்போவின் புந்தோங் பகுதியைச் சேர்ந்த மணியம். ஐம்பது வயதிருக்கும். லகாட் சாலைக்கு இருபத்தைந்து வெள்ளி என்றார்.

"பேரு என்ன சொன்னீங்க? அகலாவா? அகல் வெளக்கு! அதானே அர்த்தம், தங்கச்சி? வீட்டுக்கு வெளிச்சம் லா!"

"இல்லண்ணே."

"அப்ப என்ன?"

"அதத்தான் கேட்டுக்கிட்டுப் போக வந்திருக்கேன்."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நகருக்குள் ஒரு பெரிய மருத்துவமனையைக் கடந்தபோது அம்மா திடீரென்று வாய் திறந்தார். "நீ பொறந்தது இங்கதான்." அவ்வளவுதான். கிந்தா ஆற்றுப் பாலம் வந்தது, போனது.

லகாட் சாலையில் பூக்கடைகள், புடவைக் கடைகள், எண்ணெய் மணக்கும் பலகாரக் கடைகள். மேல்மாடியில் ஒரு சின்ன விடுதி, ஓர் இரவுக்கு எண்பது வெள்ளி. வரவேற்பில் இருந்த சீனப் பெண் என் பெயரை 'ஏஞ்சலா' என்று எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை. புந்தோங் கச்சான் பூத்தே பேர் பெற்றது. கடலையும் முறுக்கும் பட்டாணியும் கலந்து பொட்டலம் கட்டித் தருவார்கள். அம்மா இரண்டு பெரிய பொட்டலம் வாங்கினார்.

"யாருக்கும்மா?"

"லூர்து அக்காவுக்கு. அவங்களுக்குப் பட்டாணின்னா உசுரு."

லூர்து என்ற பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். யார் அது என்றதற்கு, "தோட்டத்துல எங்க பக்கத்து வீடு. சர்ச்சுக்குப் போறவங்க. எனக்கு அக்கா மாதிரி," என்றார். இருக்கிறாரா, இல்லையா என்பதுகூட அம்மாவுக்குத் தெரியாது. முப்பது வருடமாகத் தொடர்பில்லை. இருந்தும் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தோசைக்கடையில் உட்கார்ந்திருந்தார். தோசையைப் பிட்டார், சாப்பிடவில்லை.

சனி காலை. மணியம் அண்ணன் ஒன்பது மணிக்கு வந்தார். போய், காத்திருந்து, கூட்டிவர நூற்று இருபது வெள்ளி என்று பேச்சு. ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில் செம்மோர் என்ற சிற்றூர் வரும். அதைத் தாண்டி இடது பக்கம் திரும்ப வேண்டும். எங்கள் தோட்டத்துக்குப் பத்திரத்தில் ஏதோ ஆங்கிலப் பெயர். நம் ஆட்களுக்கு அது மூங்கில்மேடு. நகரிலிருந்து இருபத்து நான்கு கிலோமீட்டர்.

திருப்பத்தில் அம்மா தடுமாறிவிட்டார். அவர் தேடிய ரப்பர்ப் பால்மரங்கள் ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் செம்பனை. மறுபக்கம் தாமான், அதாவது புதுக் குடியிருப்பு: இரட்டை மாடி வீடுகள், வாசலில் கார்கள், மூலையில் ஒரு துணி வெளுக்கும் கடை. அதற்கும் பின்னால் வரிசையாக ஒற்றை மாடி வீடுகள் தெரிந்தன. பக்கத்தில் சின்ன மாரியம்மன் கோவில், அதையடுத்துச் சிலுவை வைத்த ஒரு தகரக் கூரை.

"கோவில் அதேதான்," என்றார் அம்மா. பிறகு, "தம்பி, காடிய நிறுத்துங்க. திரும்பிப் போயிரலாம்."

கார் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கைகள் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்திருந்தன.

"ஏம்மா? இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"அவங்க என்னப் பாக்க விரும்ப மாட்டாங்க. நான் செஞ்சது அப்படி."

"என்ன செஞ்சே?"

அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மணியம் அண்ணன் நாசூக்கானவர். "நான் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாரேன்," என்று இறங்கி நடந்துவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறந்து வெளியே நின்றேன்.

அப்போது அந்த ஒற்றை மாடி வரிசையிலிருந்து ஒரு பெண் உரத்த குரலில் கூப்பிட்டாள்:

"அடியே அகலா! வெயில்ல சுத்தாத, உள்ள வா!"

நான் திரும்பினேன். உடம்பே திரும்பியது. முப்பத்தொரு வருடத்தில் என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அது என்னைத்தான். வேறு எவரும் அந்தப் பெயரில் இருந்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. ஆனால் அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. ஓர் ஐந்து வயதுச் சிறுமி மூன்று சக்கர சைக்கிளை மிதித்துக்கொண்டு என்னைத் தாண்டி, "வாரேன் மா!" என்று கத்தியபடி போனாள்.

காருக்குள் அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

நான் அந்தப் பெண்ணிடம் போனேன். அவள் பெயர் ஸ்டெல்லா என்று பிறகு தெரிந்தது. "ஒங்க மகளுக்கு இந்தப் பேரு யாரு வெச்சாங்க?" என்று கேட்டேன்.

"என் மாமியாரு. ஏங்க, பேரு புதுசா இருக்கா? எல்லாரும் அகிலாங்கறாங்க."

"ஒங்க மாமியாரு பேரு லூர்துவா?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளிருந்து ஓர் அம்மாள் வந்தார். எழுபதைத் தாண்டியவர், ஆனால் நிமிர்ந்த உடம்பு. கையில் பாதி உரித்த வெங்காயம். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் காரிலிருந்து தயங்கித் தயங்கி இறங்கும் அம்மாவைப் பார்த்தார்.

"சரசு."

"அக்கா."

"இப்பத்தான் ஒனக்கு வழி தெரிஞ்சிச்சா?"

அம்மா தலை குனிந்து நின்றார். லூர்து அம்மாள் வெங்காயத்தை மருமகள் கையில் திணித்துவிட்டு நேராக வந்து, அம்மாவின் தோளில் ஓர் அடி வைத்தார். நிஜமான அடி, சத்தம் கேட்டது. அப்புறம் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

சனி மதியம். இனி வருவதை லூர்து பெரியம்மா சொன்னார். நடுநடுவே அம்மா திருத்தினார். ஸ்டெல்லா மீன் குழம்பு வைத்துக்கொண்டே, தெரிந்த கதையைக் கேட்பவள் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சோற்றுத் தட்டை மறந்து கேட்டேன்.

தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. வாங்கியவர்கள் மரங்களை வெட்டி வீடு கட்டப்போகிறார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறையாகப் பால் எடுத்த ஆட்களுக்குப் போக இடம் இல்லை. ஆண்கள் நகருக்குப் போய் யார் யாரையோ பார்த்தார்கள், பேசினார்கள். பதில் வருவதற்கு முன் ஒருநாள் காலை புல்டோசர் வந்துவிட்டது. ஆண்கள் யாரும் இல்லாத நேரம். முதல் லயத்தின் முதல் வீடு எங்களுடையது.

"ஒங்கம்மாவுக்கு அப்ப ஒன்பதாவது மாசம்," என்றார் பெரியம்மா. "மெஷினு உறுமுது, நாங்கல்லாம் ஓடியாறோம். கத்துறோம், அழுவுறோம், மண்ண வாரித் தூத்துறோம். இவ என்ன பண்ணா தெரியுமா? உள்ள போனா. அடுப்ப வெளிய தூக்கிட்டு வந்தா."

"மண்ணெண்ணெய் அடுப்பு," என்றார் அம்மா மெல்ல.

"மண்ணெண்ணெய் அடுப்பு. அத மெஷினுக்கு முன்னாடி, இந்தா, இவ்ளோ கிட்டத்துல வெச்சா. பானைய ஏத்துனா. அரிசியக் களைஞ்சு போட்டா. ஒரு பலகையப் போட்டு, இவ்ளோ பெரிய வயித்தோட உக்காந்துட்டா. டிரைவரு நம்ம பையன்தான். எறங்கி வந்து, அக்கா, எந்திரிங்கக்கா, என் வேலை போயிரும்கறான். இவ சொல்றா, தம்பி, ஒல வெச்சுட்டேன். சோறு வேகாம பாதியில எந்திரிக்கிற பழக்கம் எனக்கு இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் அம்மா கடையில் ஒரு வாடிக்கையாளர் சத்தமாகப் பேசினால்கூடப் பதில் சொல்லமாட்டார்.

"சோறு வெந்துச்சு," என்று தொடர்ந்தார் பெரியம்மா. "வெந்ததும் வடிச்சு, முதல் தட்ட அந்த டிரைவருக்கே போட்டா. அவன் சாப்பிட்டுக் கைய கழுவிட்டு, சாவிய எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு நடந்து போயிட்டான். திரும்பி வரவேயில்ல. இவ ரெண்டாவது ஒல வெச்சா. அப்பத்தான் எங்களுக்கு உறைச்சுச்சு. நானும் போயி என் அடுப்பத் தூக்கிட்டு வந்தேன். அப்புறம் ஒவ்வொருத்தியா. பொழுது சாயறதுக்குள்ள அந்த ரோடு பூரா அடுப்பு."

மறுநாள் வேறு ஓட்டுநர் வந்தார், அதிகாரிகள் வந்தார்கள். காவலர்களும் வந்து ஓரமாக நின்றார்கள். யாருக்கும் எரிகிற அடுப்பின் மேல் இயந்திரத்தை ஏற்றத் துணிவு வரவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், பத்திரிகைக்காரர்கள் வந்தால் தெரியட்டும் என்று, அட்டையில் பெரிதாக எழுதிக் கட்டினார்: 'இவ்விடம் விட்டு அகலோம்.'

"எங்களுக்கு ஒண்ணும் புரியல," என்று பெரியம்மா சிரித்தார். "என்னா டீச்சர், ரோடு அகலம் இல்லங்கறீங்களான்னு கேட்டேன். அவங்க சொன்னாங்க, போக மாட்டோம்னு அர்த்தம், அழகாத் தமிழ்ல சொன்னா அகலோம். அட, நல்லாருக்கே! அன்னையிலேருந்து அதே பேச்சு. புள்ளைங்க பாட்டா பாடுதுங்க. அடுப்புல வெறகு வேணுமான்னு கேட்டா, அகலோம்கறாளுங்க. ஒருத்தி புருஷன் வந்து வீட்டுக்கு வான்னான், அவ அவனப் பாத்து, அகலோம்ங்கறா!"

மூன்றாவது நாள் அம்மாவுக்கு வலி எடுத்தது. எடுத்தும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் கெஞ்சினார்கள். கடைசியில் பெரியம்மா அம்மாவின் பலகையில் தானே உட்கார்ந்துகொண்டு, "நீ பெத்துட்டு வா, ஒன் ஒலைய நான் பாத்துக்கறேன்," என்ற பிறகுதான் அப்பாவின் தோளைப் பிடித்து எழுந்து, கடன் வாங்கிய ஒரு வேனில் ஈப்போ மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்.

நான் பிறந்த மறுநாள் பெரியம்மா மருத்துவமனைக்கு ஓடினார். இயந்திரம் திரும்பிப் போய்விட்டது. நிறுவனத்தார் பேச வந்துவிட்டார்கள். வேலை செய்தவர்களுக்கு அதே நிலத்தில் வீடு கட்டித் தர ஒப்புக்கொண்டார்கள். இந்தச் செய்தியைச் சொல்லிக்கொண்டே தொட்டிலைப் பார்த்திருக்கிறார்.

"ஒங்கப்பா மாலினின்னு ஒரு பேரு வெச்சிருந்தாரு. நான் சொன்னேன், மாலினியாவது கீலினியாவது. நாமெல்லாம் அகலோம்னா, இவ என்ன? டீச்சருகிட்ட கேட்டேன். அகலாள்னாங்க. அகலாள் வாய்க்குள்ள நிக்கல, கடைசி 'ள்'ள முழுங்கிட்டோம். அகலா. தோட்டமே சேந்து வெச்ச பேரு ஒனக்கு. ஒங்கப்பா வெச்சதில்ல."

நான் அம்மாவைப் பார்த்தேன். "இத ஏம்மா சொல்லல? எத்தன தடவ கேட்டிருப்பேன்!"

அம்மா தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "எப்படிச் சொல்றது? ஒனக்கு அகலான்னு பேரு வெச்சுட்டு, ஒரு வருஷம் கழிச்சு நானே எந்திரிச்சு வந்துட்டேன். வீடு கட்டறதுக்கு வருஷக் கணக்கா ஆகும்னாங்க. மரம் வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க, வேலை இல்ல, அப்பாவுக்கு ஜொகூர்ல கெடைச்சுது. ஊரே உக்காந்துருக்கு, அங்க முதல்ல உக்காந்தவ மூட்டை கட்டறேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இவங்ககிட்ட வாரேன்னு சொல்லுவேன்? விடியறதுக்கு முன்னாடி லாரில ஏறிட்டேன்."

"அதான் கோவம்," என்றார் பெரியம்மா. "போனதுக்கு இல்ல. வயித்துப் பாட்டுக்குப் போறவள யாரு தடுப்பா? சொல்லாம போன பாரு. காலையில வந்து கதவத் தட்டறேன், வீடு தெறந்து கெடக்கு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் தீரல, ஆமா." இதைச் சொல்லிவிட்டு அம்மாவின் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். "ஆனா நீ இந்தப் புள்ளைகிட்ட இன்னொண்ணையும் சொல்லியிருக்க மாட்ட."

"அக்கா, அது வேணாம்."

"வேணும். இங்க பாரு அகலா. என் புருஷன் கான்ட்ராக்டு ஆளு. தோட்டத்துப் பேர்ல இல்ல. அதனால எனக்கு வீடு கெடையாதுன்னுட்டாங்க. மூணு புள்ளைங்க, அவரும் போயிட்டாரு. வீடெல்லாம் கட்டி முடிஞ்சதும் ஒங்கம்மா பேருக்கு வந்த வீடு காலியாத்தானே இருக்கும்? ஜொகூருக்கு ஆளனுப்பிக் கேட்டாங்க. இவ அந்த ஆளுகிட்ட ஒரே வார்த்தை சொல்லி விட்டுருக்கா, அத லூர்து அக்காவுக்குக் குடுத்துருங்கன்னு. நீ உக்காந்து சாப்பிடறது ஒங்கம்மா வீட்டுல."

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். நீலச் சுவர், சிலுவை, படிக்கும் மேசை, சைக்கிள். ஜொகூரில் நாங்கள் இன்றுவரை வாடகையில் இருக்கிறோம்.

"எனக்குத்தான் அங்க ஒரு கூரை இருந்துச்சே," என்றார் அம்மா, யாரையும் பார்க்காமல். "பூட்டி வெச்சு என்ன பண்ணப் போறேன்? அடுப்ப ரெண்டாவதாத் தூக்கிட்டு வந்தது அவங்கதானே."

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்க் கை கழுவினேன். கை கழுவ வெகுநேரம் ஆனது.

சனி மாலை. பெரியம்மா என்னைக் கையைப் பிடித்து வரிசையின் ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டிப்போனார். "இதுதான் அகலா. பெரிய அகலா," என்று சொன்னார். விளக்கம் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. என் பெயரை எவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை, திருத்தவும் இல்லை. வாசல்களில் இருந்த பெண்கள் முதலில் என்னைத் தொட்டார்கள், பிறகு அம்மாவைத் தேடி ஓடினார்கள். ஆறாவது வீட்டில் இடைநிலைப் பள்ளி விளையாட்டு உடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். மாநில அளவில் ஓடுகிறவளாம். கழுத்தில் அன்றைய பயிற்சியின் துண்டு.

"நீங்கதான் முதல் அகலாவா?" என்று கேட்டாள். "நான் நடு அகலா."

"ஒனக்கு இந்தப் பேரு பிடிக்குமா?"

"ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்கக்கா. நான் கதைய சொல்லிருவேன். அப்புறம் யாரும் பேச மாட்டாங்க," என்றாள். "புல்டோசரையே நிறுத்துன பேரு லா!"

நான் முப்பது வருடம் ஒளித்தும் திருத்தியும் அலுத்தும் சுமந்த பெயரை, இந்தப் பெண் மார்பில் பதக்கம் மாதிரி வைத்திருந்தாள். சைக்கிள் சிறுமியும் வந்து சேர்ந்தாள். ஸ்டெல்லா எங்கள் மூவரையும் கோவில் சுவருக்கு முன் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். "அகலா, இங்க பாரு!" என்றாள். மூவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

அங்கிருந்தே மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தொலைபேசினேன். அடுப்பு, பானை, அட்டை, பெயர் எல்லாம் சொன்னேன். "சம்பந்தியம்மாவா அப்படி உக்காந்தாங்க?" என்று கேட்டார். "அவங்ககிட்ட போன குடும்மா." அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா வெட்கத்தோடு போனைத் திருப்பிக் கொடுத்தார். "கார்டு புதுசா அடிக்கச் சொல்லிட்டாங்க. ஒம் பேரு பெரிய எழுத்துல வரணுமாம்."

மணியம் அண்ணன் மூன்று வீட்டில் சாப்பிட்டு, முழுக் கதையும் தெரிந்துகொண்டு, காரில் காத்திருந்தார். விடுதி வாசலில் நூற்று இருபது வெள்ளியை நீட்டினேன். நூறை எடுத்துக்கொண்டு இருபதை அம்மாவின் கையில் வைத்து மூடினார். "நானும் தோட்டத்து ஆளுதான்," என்றார்.

ஞாயிறு காலை. அமான்ஜெயா நிலையத்துக்கு லூர்து பெரியம்மா மகனின் காரில் வந்திருந்தார், திருப்பலிக்குப் போகும் புடவையிலேயே. "இந்தத் தடவ சொல்லிட்டுப் போறியா?" என்றார். அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாரேன்கா," என்றார். பேருந்து புறப்படும் நேரம் வரை இருவரும் கையை விடவில்லை. நடத்துநர்தான் பிரித்து ஏற்றினார்.

ஜொகூரில் எங்கள் அடுக்குமாடியில் பன்னிரண்டு தளங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. அங்கே ஒருவரும் என்னை எழுந்து போகச் சொன்னதில்லை. இருக்கச் சொன்னதும் இல்லை. ஒரு பெயர் வெறும் ஒலியல்ல, அதற்குள் எத்தனையோ பேர் அடுப்பேற்றி உட்கார்ந்திருக்கலாம் என்பது ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர் போய்வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விட்டுப் போகாதவள் என்றால் இடத்தை விட்டு நகராதவள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அம்மா நகர்ந்தார். எதையும் விடவில்லை.

சுண்ணாம்பு மலைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நடைபாதைக்கு அப்புறம் உட்கார்ந்திருந்த ஒரு தமிழ் அம்மாள், பொழுதுபோகாமல் எங்கள் பக்கம் சாய்ந்து, "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அம்மா எப்போதும் ஜொகூர் என்றுதான் சொல்வார். கடையில் கேட்டாலும், கோவிலில் கேட்டாலும், எங்கே கேட்டாலும். நான் வழக்கம்போல வாயெடுத்தேன். அம்மா என் கையைத் தட்டி நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூங்கில்மேடு," என்றார். "செம்மோர் தாண்டி. முதல் லயம், முதல் வீடு."